மரமேறும் கயிற்றில் கண்ணி பின்னுவது: எந்தக் கயிற்றில் எந்த முறை?

கேள்வி: அம்பை மரவேலை

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வட்டாரத்தில் வீட்டு மரங்களுக்குக் கிளை கழித்துக் கொடுக்கும் வேலையை நானும் தம்பிமார் இருவரும் செய்து வருகிறோம். ஆடிக்காற்று தொடங்குவதற்கு முன்பு, கூரைமேல் சாய்ந்து நிற்கும் புளி, வேம்பு, தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளை இறக்கித் தரச் சொல்லி ஆட்கள் வருவார்கள். ஏணியும் இடுப்புக் கயிறுமாகச் செய்துவந்த வேலையை இப்போது முழுவுடல் ஹார்னஸ் என்னும் பாதுகாப்புப் பட்டை, 11 மி.மீ. கயிறு, காராபினர் என்னும் திறந்து மூடும் உலோகக் கொக்கி, கயிற்றைப் பற்றிப் பிடிக்கும் உராய்வு முடிச்சு என்று மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

எங்களுக்குள்ள சிக்கல் கயிற்று முனையில்தான் இருக்கிறது. காராபினர் மாட்டுவதற்காகப் போடும் எட்டு முடிச்சு தடிமனாக இருப்பதால், கயிற்றை உருவி எடுக்கும்போது அது கிளைக்கவையில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. வெளிநாட்டு மரவேலைக்காரர்களின் கயிறுகளில் முடிச்சே இல்லாமல், கயிறு தனக்குள்ளேயே புகுந்து கண்ணியாக முடிந்திருப்பதைப் படங்களில் பார்த்திருக்கிறேன். தூத்துக்குடியில் கப்பல் கட்டும் கயிறுகளில் வேலை பார்த்த என் சித்தப்பா, முப்புரி நைலான் கயிற்றில் கண்ணி பின்ன எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். புரிகளைப் பிரித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து சுற்றுச் செருகி முடிக்க எனக்குத் தெரியும்.

அதே கைப்பழக்கத்தை வைத்து, ஏறும் கயிற்றின் முனையிலும், உராய்வு முடிச்சுக்கான குட்டைக் கயிற்றின் இரு முனைகளிலும் கண்ணி பின்ன முடியுமா? இதற்கென்றே துறைமுகப் பக்கத்துக் கடை ஒன்றில் 8 மி.மீ. தடிமனில், டைனீமா வகையைச் சேர்ந்த பன்னிரண்டு புரிக் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். வெட்டிய கிளைகளைக் கட்டி இறக்கவும் அதையே பயன்படுத்தலாமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கயிற்றுக்காரர், தூத்துக்குடி

தம்பி, உங்கள் சித்தப்பா சொல்லிக்கொடுத்தது சரியான பாடம். ஆனால் அது முப்புரிக் கயிற்றுக்குரிய பாடம். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கயிற்றில் அதைச் செய்தால், பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் கண்ணி பாரம் ஏறியதும் சத்தமில்லாமல் உருவிக்கொண்டு வந்துவிடும். ஏன் என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். பிறகு கை தானாகப் பழகிவிடும்.

முப்புரிக் கயிற்றில் செருகிய புரி, மேலும் கீழுமாக மடங்கிச் செல்லும் ஒவ்வொரு இடத்திலும் உராய்வினால் பிடித்து நிற்கிறது. தேங்காய்நார், மணிலா போன்ற சொரசொரப்பான கயிறுகளுக்கு மூன்று சுற்றுச் செருகல் போதும் என்பதும், வழுவழுப்பான நைலானுக்கு ஐந்து வேண்டும் என்பதும் இதனால்தான். டைனீமா என்பது பாலித்தீன் குடும்பத்தைச் சேர்ந்த இழை. அது எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலிமையானது. ஆனால் மெழுகு தடவியதுபோல வழுக்கும். அதில் உராய்வை நம்பிச் சுற்றுக்கணக்கில் செருகுவதற்குப் பிடிமானமே கிடையாது.

அதனால் பன்னிரண்டு புரிக் கயிற்றில் வேறு வழியைக் கையாளுகிறோம். அந்தக் கயிறு உள்ளே வெற்றிடமாக, குழாய்போலப் பின்னப்பட்டது. அதன் வாலை மடக்கி, அதே கயிற்றின் வயிற்றுக்குள் நீளவாக்கில் செலுத்திவிடுவோம். பாரம் ஏறும்போது குழாய் நீண்டு ஒடுங்கும். ஒடுங்க ஒடுங்க உள்ளே இருக்கும் வாலை நெரித்துப் பிடிக்கும். பனையோலையில் குழலாகப் பின்னி விரலை நுழைத்தால், இழுக்க இழுக்க இறுகும் விளையாட்டுச் சாமானைச் சிறு வயதில் பார்த்திருப்பீர்கள். இங்கும் நடப்பது அதுதான். இந்தப் பிடி முழுவதும் உள்ளே புதைந்திருக்கும் நீளத்தைப் பொறுத்தது. டைனீமா வகைக்கு, கயிற்றின் விட்டத்தைப்போல 72 மடங்கு நீளம் புதைய வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. உங்கள் 8 மி.மீ. கயிற்றுக்கு அது 576 மி.மீ., அதாவது ஏறத்தாழ 58 செ.மீ. ஒரு சாண் மட்டும் புதைத்துவிட்டு மேலே அழகாக நூல் சுற்றி முடித்த கண்ணிகளை நான் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இனி வேலைக்கு வருவோம். முனையை வெட்டுவதற்கு முன் டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். பழுக்கக் காய்ச்சிய கத்தியால் வெட்டாதீர்கள், ஏனென்றால் உருகிக் கட்டிபட்ட முனையைப் பிறகு மெலிக்க முடியாது. வீட்டுக் கத்தரிக்கோல் இந்த இழையை மென்றுகொண்டே இருக்கும். நன்றாகத் தீட்டிய, நுண்ணிய பல் உள்ள கத்தரிக்கோல் வேண்டும். முனையிலிருந்து 58 செ.மீ. அளந்து ஒரு குறியும், அங்கிருந்து கண்ணியின் சுற்றளவுக்கு வேண்டிய நீளத்தை விட்டு இரண்டாவது குறியும் இடுங்கள். இந்த இரண்டு குறிகளும் சந்திக்கும் இடம்தான் கண்ணியின் கழுத்து.

அடுத்து வாலை மெலிக்க வேண்டும். பலர் தாவிச் சென்றுவிடும் படி இது. புதையும் நீளத்தின் கடைசி மூன்றிலொரு பங்கில், இடப்பக்கம் சாயும் புரி ஒன்று, வலப்பக்கம் சாயும் புரி ஒன்று என்று இணையாக இழுத்தெடுத்து, இடைவெளி விட்டு விட்டு வெட்டிக்கொண்டே போனால் வால் படிப்படியாக ஒல்லியாகும். முழுத் தடிமனோடு வால் திடீரென்று முடிந்தால், அந்த இடத்தில் வெளிக்கயிறு சட்டென்று வளைந்து, பாரமெல்லாம் அங்கேயே குவிந்து, அங்கேயே அறும்.

உள்ளே செலுத்துவதற்கு ஃபிட் என்ற குழாய் ஊசி கடைகளில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் சைக்கிள் ஸ்போக் கம்பியை நடுவில் மடக்கி, மடக்கிய முனையை மழுங்கத் தேய்த்துக்கொண்டால் போதும். வால் வெளியேற வேண்டிய இடத்தில் கம்பியை நுழைத்து, கயிற்றின் உள்வழியே கழுத்துவரை கொண்டுவந்து, வால் நுனியைக் கம்பியின் மடிப்பில் மாட்டிப் பின்னோக்கி இழுங்கள். கம்பி போகும் வழியில் ஒரு புரியைக்கூடக் குத்திக் கிழித்துவிடாமல் நடுவழியாகவே போக வேண்டும். கழுத்துவரை வால் புகுந்தபின், கண்ணியை ஒரு ஆணியில் மாட்டி, வெளிக்கயிற்றைக் கழுத்திலிருந்து கீழ்நோக்கி இரண்டு கைகளாலும் மாறி மாறி நீவி விடுங்கள். நீவும்போது வால் நுனி தானாக உள்ளே மறையும். எங்கும் சுருக்கம் தங்கக் கூடாது.

கடைசியில் கழுத்துக்குக் கீழே பூட்டுத் தையல் போட வேண்டும். மெழுகிட்ட பாலியெஸ்டர் நூலால், வெளிக்கயிறும் உள்வாலும் சேரும்படி மேலிருந்து கீழாக ஒரு வரிசை தைத்து, பிறகு கயிற்றைக் கால்வட்டம் திருப்பி இன்னொரு வரிசை தைத்துத் திரும்புங்கள். தையலை இறுக்கிவிடாதீர்கள். பாரத்தைத் தாங்குவது தையலின் வேலை அல்ல. பாரம் இல்லாமல் கயிறு ஆடிக்கொண்டும் உதறிக்கொண்டும் கிடக்கும்போது வால் நழுவி வெளியே வந்துவிடாமல் காப்பதுதான் அதன் வேலை. கயிற்றின் இரண்டு கால்களையும் ஒன்றனுள் ஒன்றாக ஊடுருவ விடும் பிரம்மல் பூட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. பிரம்மல் போட்டுவிட்டோம், இனிமேல் புதைக்கும் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாராவது காணொளியில் சொன்னால் அதை அப்படியே கடந்துவிடுங்கள்.

பதில் 2: மேல்விதானம்

மேலே கயிற்றுக்காரர் ஐயா சொன்ன முறையில் குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டவர் அந்த முறையை எங்கே பயன்படுத்தப் போகிறார் என்பதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். காக்காச்சிப் பக்கத்துக் காடுகளில் வெடிப்பலா மரங்களின் உச்சியில் பூவும் காயும் கணக்கெடுப்பதற்காகக் கயிற்றில் ஏறிப் பழகியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலாவது, உங்களிடம் இருக்கும் 11 மி.மீ. ஏறும் கயிறு பெரும்பாலும் மேலுறையும் உள்திரியும் கொண்ட கெர்ன்மாண்டில் வகையாக இருக்கும். வெட்டிய முனையைப் பாருங்கள்: நெருக்கமாகப் பின்னிய உறைக்குள் முறுக்கிய சரடுகள் இணையாக ஓடினால் அது அந்த வகைதான். அதில் பாரத்தின் பெரும்பகுதியை உள்திரி தாங்குகிறது; கையால் கண்ணி பின்னுவதற்கு வாகான அமைப்பு அது அல்ல. ஐரோப்பிய ஈஎன் 1891 தரத்தின் ஏ பிரிவுக் கயிறு 22 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 2.2 டன் எடை தாங்க வேண்டும். முனையில் முடிச்சோ தையலோ இருக்கும் நிலையில் 15 கிலோநியூட்டன் பாரத்தை மூன்று நிமிடம் தாங்க வேண்டும். முடிச்சினால் ஏற்படும் வலிமைக் குறைவு அந்தத் தரத்திலேயே கணக்கில் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எட்டு முடிச்சோடு ஏறுவது குறைபாடான பழக்கம் அல்ல. முடிச்சு கவையில் சிக்குவதுதான் தொல்லை என்றால், தொழிற்சாலையிலேயே கண்ணி தைத்து வரும் கயிற்றை வாங்குங்கள். இல்லையென்றால் முடிச்சில்லாத மறுமுனை கவை வழியாகப் போகும்படி கயிற்றை உருவுங்கள்.

வெளிநாட்டுப் படங்களில் நீங்கள் பார்த்த கயிறுகள் வேறு வகை. அவை பதினாறு அல்லது இருபத்துநான்கு புரிகளில், பின்னுவதற்கென்றே நெய்யப்பட்ட மரவேலைக் கயிறுகள். அமெரிக்காவின் மரப்பராமரிப்புப் பாதுகாப்பு நெறியான அன்சி இசட்133, ஏறும் கயிறு பொதுவாக 12.7 மி.மீ. தடிமனும் 5,400 பவுண்டு, அதாவது 24 கிலோநியூட்டன் அறுவலிமையும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. அதில் கண்ணி பின்னினால் கயிற்றைச் செய்தவர் வகுத்த முறைப்படியே பின்ன வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு கயிற்றுக்குரிய அளவை இன்னொரு கயிற்றுக்குப் பொருத்தக் கூடாது. இரட்டைப் பின்னல் கயிறுகளில் உறையைத் திரிக்குள்ளும் திரியை உறைக்குள்ளும் குறுக்காகச் செலுத்த வேண்டியிருக்கும்; அதன் அளவுகள் விட்டத்தின் 21 மடங்கை ஓர் அலகாக வைத்துக் கணக்கிடப்படுகின்றன. புதுக் கயிற்றிலேயே விரல் நோகும் வேலை அது. பயன்படுத்தி இறுகிப்போன கயிற்றில் உறை நகரவே நகராது.

இரண்டாவது, உராய்வு முடிச்சு. உங்கள் 8 மி.மீ. டைனீமாவை இதற்குக் கனவிலும் நினைக்காதீர்கள். ஆஸ்திரியரான கார்ல் புருசிக் 1931இல் வெளியிட்ட முடிச்சு முதல் இன்று மரவேலைக்காரர்கள் போடும் முடிச்சுகள் வரை எல்லாமே குட்டைக் கயிறு ஏறும் கயிற்றைக் கவ்விப் பிடிப்பதை நம்பியவை. வழுக்கும் இழை கவ்வாது. அதைவிட மோசமானது சூடு. இறங்கும்போது உராய்வில் எழும் வெப்பம் அந்தச் சில அங்குலங்களிலேயே தங்கிவிடும். டைனீமா 150 பாகை செல்சியஸை ஒட்டி உருகிவிடும். 70 பாகையைத் தாண்டினாலே அதை நம்பிப் பாரம் ஏற்றக் கூடாது. பாலியெஸ்டர் உருகுவது 250 பாகையை ஒட்டித்தான். அராமிட் இழை உருகுவதே இல்லை. 400 பாகைக்கு மேல்தான் கருகத் தொடங்கும். எனவே அராமிட் கலந்த உறையுள்ள 8 முதல் 10 மி.மீ. குட்டைக் கயிற்றை, இரு முனையிலும் கண்ணி தைத்ததாகவே வாங்குங்கள். அராமிட்டுக்கு வெயில் ஆகாது, திரும்பத் திரும்ப மடங்குவதும் ஆகாது. வேலை முடிந்ததும் அதைத் தகரக் கொட்டகையில் தொங்கவிடாமல் பைக்குள் வையுங்கள்.

மூன்றாவது, சோதனை. கற்கும்போது 3 மி.மீ. தடிமனுள்ள அதே வகைக் கயிறு வாங்கி, 72 மடங்குக் கணக்கில் 216 மி.மீ. புதைத்து, இரு முனையிலும் கண்ணியுள்ள மாதிரிகள் செய்யுங்கள். நல்ல சரக்காக இருந்தால் அது ஒரு டன் சுற்றுவட்டாரத்தில்தான் அறும் என்பதால், இரண்டு டன் செயின் பிளாக்கும் தொங்கு தராசும் இருந்தால் அறும்வரை இழுத்துப் பார்க்கலாம். அறுந்த இடத்தைக் கவனியுங்கள். புதைந்த வாலின் நுனி முடியும் இடத்தில் அறுந்திருந்தால் உங்கள் வேலை ஒழுங்காக இருக்கிறது. வால் உருவிக்கொண்டு வந்தால் நீளம் போதவில்லை. கழுத்திலேயே அறுந்தால் கண்ணி சிறியதாக இருந்திருக்கும், அல்லது புரிகள் முறுக்கிக்கொண்டிருக்கும். இழுக்கும்போது கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. நடுவில் நனைத்த சாக்கு ஒன்றைப் போட்டு வையுங்கள். டைனீமா அதிகம் துள்ளாது என்றாலும், அதோடு மாட்டிய இரும்புக் கொக்கி துள்ளும்.

கேட்டவர்: அம்பை மரவேலை

விரிவாக எழுதிய இருவருக்கும் நன்றி. ஏறும் கயிற்றில் கை வைக்கப்போவதில்லை. தைத்த கண்ணியோடு குட்டைக் கயிறும் வாங்கிவிடுகிறேன். 8 மி.மீ. கயிற்றில், பழகுவதற்காக மட்டும், ஒரு மாதிரி செய்து பார்த்தேன். வால் உள்ளே போய்விட்டது. ஆனால் கழுத்தை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் புடைப்பாக நிற்கிறது, எவ்வளவு நீவினாலும் போகவில்லை. மேலும், கண்ணி காராபினரை ஒட்டி இறுக்கமாக இருப்பது நல்லதா, தளர்வாக இருப்பது நல்லதா?

பதில் 3: கயிற்றுக்காரர், தூத்துக்குடி

அந்தப் புடைப்பு, வால் உள்ளே புகும் இடத்தில் ஏதோ ஒரு புரி வாலுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருப்பதன் அடையாளம். அதை நீவிச் சரிசெய்ய முடியாது. வாலை உருவி, நுழைவாயிலில் புரிகளை ஊசியால் இருபுறமும் சமமாக ஒதுக்கிவிட்டு மறுபடி செலுத்துங்கள். வால் ஒரு சுற்று முறுக்கிக்கொண்டு நுழைந்திருந்தாலும் இப்படி நிற்கும். கயிற்றின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் பேனாவால் கோடு இழுத்து வைத்துக்கொண்டால், முறுக்கு விழுந்ததா என்று வால் நுழையும்போதே தெரிந்துவிடும்.

கண்ணி இறுக்கமாக இருக்கவே கூடாது. மாட்டும் கம்பி அல்லது முளையின் விட்டத்தைப்போலக் குறைந்தது மூன்று மடங்கு, முடிந்தால் ஐந்து மடங்கு நீளம் கண்ணியின் உட்புறத்தில் இருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் இரண்டு கால்களும் விரிந்து நின்று கழுத்தைப் பிளக்கப் பார்க்கும். எப்போதும் ஒரே இடத்தில் மாட்டியிருக்கப்போகும் கண்ணியென்றால் உள்ளே திம்பிள் என்னும் உலோக வளையத்தை வைத்துப் பின்னிவிடுங்கள். தேய்மானம் அதோடு போகும்.

பதில் 4: பனங்காட்டுக்காரன், உடன்குடி

அண்ணாச்சி, உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியை, அதாவது வெட்டிய கிளையை இறக்குவதைப் பற்றி, இதுவரை யாரும் தொடவில்லை. எங்கள் குடும்பம் பனையேறும் குடும்பம். தளைநாரும் முருக்குத்தடியுமாக ஏறியவர்களிடம் வளர்ந்த நான், இப்போது தென்னந்தோப்புகளில் பட்ட மரங்களைத் துண்டு துண்டாக இறக்கும் வேலை செய்கிறேன்.

கிளையை இறக்கும் கயிறாக டைனீமாவைப் பயன்படுத்தாதீர்கள். அது நீளாது. வெட்டிய துண்டு ஒரு முழம் விழுந்து கயிற்றில் தொங்கும்போது, நீளும் கயிறாக இருந்தால் அந்த அடியைத் தன் நீட்சியில் வாங்கிக்கொள்ளும். நீளாத கயிறு அதை அப்படியே மேலே கட்டியிருக்கும் கவைக்கும், கீழே பிடித்திருக்கும் தம்பியின் கைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். இருநூறு கிலோத் துண்டு அந்த நேரத்தில் டன் கணக்கில் இழுக்கும். நைலானோ பாலியெஸ்டரோ, இறக்கும் வேலைக்கு அவைதான் ஏற்றவை. உங்கள் சித்தப்பா கற்றுக்கொடுத்த ஐந்து சுற்றுச் செருகல் வேலைக்கு வரும் இடமும் இதுதான்: முப்புரி நைலான் கயிற்றின் முனையில் நீங்களே கண்ணி பின்னிக்கொள்ளலாம், அதற்கு யாரிடமும் போக வேண்டியதில்லை. நைலான் நனைந்தால் வலிமையில் ஒரு பகுதியை இழக்கும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை செய்தால் துண்டுகளைச் சிறிதாக வெட்டுங்கள்.

வாங்கிய டைனீமாவும் வீணாகாது. கப்பியைத் தண்டோடு சேர்த்துக் கட்டும் பட்டைக்கு அது நன்றாகப் பொருந்தும். அங்கே நீட்சி தேவையில்லை, கயிறு ஓடவும் ஓடாது, அதனால் சூடு கிடையாது. இரு முனையிலும் 58 செ.மீ. புதைத்த கண்ணிகளோடு இரண்டு மூன்று நீளங்களில் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பட்டைக்குக் கீழே, கப்பிக்கு நேராக ஆள் நிற்காத வேலைகளில் மட்டும் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். கயிற்றோடு வந்த சீட்டில் அறுவலிமை எழுதியிருந்தால், அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பாரம் ஏற்றாதீர்கள். சீட்டே இல்லாமல் சுருளிலிருந்து வெட்டிக் கொடுத்த கயிறாக இருந்தால் மரத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம், பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துத் தேரி மணல் கயிற்றுக்குள் நுழைந்துவிட்டால் உள்ளிருந்தே அறுக்கத் தொடங்கும். மேலே பார்த்தால் தெரியாது. வாரம் ஒருமுறை பட்டையை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்தபின் புதைந்த பகுதியை விரலிடுக்கில் வைத்துக் கழுத்திலிருந்து வால் முடியும் இடம்வரை தடவிக்கொண்டே போங்கள். பருமன் சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும். திடீரென்று ஓரிடத்தில் மெலிவு தட்டினால் வால் நகர்ந்திருக்கிறது, பூட்டுத் தையல் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணியின் உட்புறத்தில் இழைகள் பளபளவென்று ஒட்டிக் கண்ணாடிபோல விறைத்திருந்தால் அங்கே சூடுபட்டிருக்கிறது. அந்தப் பட்டையை அன்றைக்கே நடுவில் வெட்டிப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தம்பிமாரில் யாராவது ஒருவர் அதை மறுநாள் பைக்குள் எடுத்து வைத்துவிடுவார்.